அறுவடை வாரத்தில் கூட்டப்பட்ட பாதைக் கூட்டம்

அனுப்புநர்
திருமதி எர்னெஸ்டின் லிசோட்
(காலஞ்சென்ற கான்ராட் லிசோட் அவர்களின் மனைவி)
செயலாளர், பெல்ரிவ் ஊர்ப் பாதை ஆலோசனைக் குழு
ஆற்றுச் சாலை, பெல்ரிவ், மெய்ன் மாநிலம்

பெறுநர்
திரு. எல்வுட் பார்ட்லெட் அவர்கள்
தலைவர், ஆற்றோர ஊர்களின் கூட்டுத் திட்டக்குழு

பொருள்: மிஷோ மில் – பெல்ரிவ் பசுமைப் பாதையின் தடம் குறித்துச் சென்ற செப்டம்பர் 27 அன்று பெல்ரிவில் நடந்த கூட்டத்தின் முடிவைத் தள்ளுபடி செய்யக் கோருதல், அக்கூட்டத்தைக் கூட்டியவர்மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குழு வரும் மார்ச் 19 அன்று கூடி, ஆற்றோரப் பசுமைப் பாதையின் மூன்றாம் பகுதி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று வாக்களிக்க இருக்கிறது. மிஷோ மில் ஊரையும் எங்கள் பெல்ரிவ் ஊரையும் இணைக்கும் பகுதி அது. நடப்பவர்கள், மிதிவண்டிக்காரர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், பனிக்காலத்தில் பனிவண்டி ஓட்டுபவர்கள் எல்லாருக்கும் பொதுவானது. தங்கள்முன் இரண்டு தடங்கள் உள்ளன. ஒன்று, தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய ரயில் மேடு. ஆற்றை ஒட்டி, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் செல்வது. மற்றொன்று, நெடுஞ்சாலையின் ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டுப் பிரிக்கப்படும் பட்டை. பெல்ரிவ் கூட்டம் நெடுஞ்சாலையைப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நேர்மையாகப் பெறப்பட்டதன்று என்பதே என் புகார்.

2. புகார் யார்மீது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தின் நாளைக் குறித்தவர், அறிவிப்பை ஒட்டியவர், முடிவைத் தட்டச்சு செய்து தங்களுக்கு அனுப்பியவர் எல்லாம் ஒருவரே. அது நான். தன்மீதே ஒருவர் புகார் கொடுக்கலாமா என்று தங்கள் குழுவின் விதிகளைப் படித்துப் பார்த்தேன். கூடாது என்று எங்கும் இல்லை.

3. எங்கள் ஊர் நிலங்களின் அமைப்பு தாங்கள் அறிந்ததே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாலையிலிருந்து ஆறுவரை நீளமாக ஒரு கீற்று. ரயில் மேடு எல்லாக் கீற்றுகளின் கடைக்கோடியையும் குறுக்கே வெட்டிப் போகிறது. ரயில் நின்றபின் அது அவரவர் நிலத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் மிஷோ மில் ஆட்கள் அதன்மேல் நடந்துதான் பெல்ரிவுக்கு வருவார்கள். கடைக்கு, மருத்துவமனைக்கு, ஞாயிறு பூசைக்கு. யாரும் அனுமதி கேட்பதில்லை. யாரும் மறுப்பதும் இல்லை. போகிறவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்குவார். உள்ளே இருப்பவரும் கையைத் தூக்கினால் அனுமதி கொடுத்ததாக அர்த்தம்.

எல்லா வீடுகளிலும் என் வீடுதான் அந்த மேட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கான்ராட் இருந்தவரை கை தூக்குகிற வேலையை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போனபின் அது எனக்கு வந்தது. நான் மேசைவிரிப்பு போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் துணி மடித்து வைத்துத்தான் சாப்பிடுவேன். ஒருவருக்காக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் ஒருவருக்காக மட்டும் மேசை போட்டிருப்பதை மற்றவர்கள் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாதை வந்தால் பார்ப்பவர்கள் பெருகுவார்கள். ஓசை, தூசி, வேலிக்கு ஆபத்து என்று தங்களுக்கு முன்பு எழுதிய இரண்டு கடிதங்களிலும் பல காரணங்களைக் கூறியிருந்தேன். உண்மையான காரணம் இதுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்த மனு பாதிதான் உண்மையாகும்.

4. மிஷோ மில்லில் வசிப்பவர் திரு. கிளோவிஸ் பெரூபே. உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றக் காலில் உள்ள புண்ணுக்கு வாரத்தில் மூன்று நாள் பெல்ரிவ் மருத்துவமனையில் கட்டுப் போட வேண்டும். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில், பின்னால் ஆரஞ்சுக் கொடி ஒன்றைக் கட்டிக்கொண்டு, ரயில் மேட்டின் வழியாகத் தனியாகவே வந்து போவார். புதன்கிழமைகளில் கட்டு முடிந்ததும் பங்கு மண்டபத்தில் எங்களோடு சார்லமேன் என்ற சீட்டாட்டம் ஆட உட்காருவார். சீட்டைப் பார்க்கும் முன்பே ஏலத்தை ஏற்றுகிற ஆள். "பயந்தா கெழங்கு உரிக்கப் போங்க மதாம், சீட்டுக்கு ஏன் வர்றீங்க" என்று பலர் முன்னிலையில் என்னைக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் உடன் இருப்பவள் அவருடைய அண்ணன் மகள் நடீன். கிழங்கு ஆலையில் வேலை செய்கிறாள்.

5. சென்ற ஆண்டு ஆகஸ்டில் தங்கள் குழுவின் அளவையாளர்கள் வந்து மேட்டின் நெடுக முளைக்குச்சிகள் அடித்தார்கள். அன்றே கனெக்டிகட்டில் இருக்கும் என் மகன் நார்மனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். பல ஆண்டுகள் தடையில்லாமல் மக்கள் நடந்த வழியில் அவர்களுக்குப் பாத்தியதை, அதாவது உரிமை, உண்டாகிவிடும், தடுத்ததாக ஓர் அடையாளம் இருப்பது நல்லது என்றானாம் அந்த வக்கீல். மறுநாள் என் கீற்றின் இரு எல்லைகளிலும் உள்ள இரும்புக் கதவுகளைச் சாத்திச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். மற்றவர்களின் கீற்றுகளில் எல்லாம் வழி திறந்தே இருந்தது. ஆனால் நடுவில் ஒரு கீற்று அடைபட்டால் மொத்த மேடும் அடைபட்ட மாதிரிதான்.

திரு. பெரூபே அன்று காலையில் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை நிறுத்தினார். நான் வாசலுக்குப் போனேன்.

"சங்கிலி எனக்கா, மாட்டுக்கா மதாம்?" என்றார்.

"யாருக்கும் இல்ல. கொஞ்ச நாளைக்குத்தான்," என்றேன்.

"மாட்டுக்குன்னே சொல்லியிருக்கலாம். மாட்டை வித்து இருபது வருஷமானாலும் நான் நம்பியிருப்பேன்."

சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். அந்த மேடு குறுகலானது. நாற்காலியைத் திருப்ப மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி என் மேலங்கிப் பையில் இருந்தது. அன்றுமுதல் அவர் நெடுஞ்சாலை வழியாகப் போய்வரத் தொடங்கினார்.

6. அடுத்து, கூட்டம். தங்கள் குழுவின் திட்ட அலுவலர் திரு. டேரன் ஸ்ப்ராக் செப்டம்பர் தொடக்கத்தில் என்னைச் சந்தித்தார். மாநிலத்தின் தென்பகுதியைச் சேர்ந்த இளைஞர், மரியாதை தெரிந்தவர். கூட்டத்துக்கு எந்த நாள் தோதாக இருக்கும் என்று கேட்டார். நான் 27ஆம் தேதி வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி என்றேன்.

"அன்னைக்கு ஊர்ல எல்லாருக்கும் சௌகரியப்படுமா, மிஸஸ் லிசோட்?" என்று கேட்டார்.

"மண்டபம் அன்னைக்குக் காலியா இருக்கு," என்று பதில் சொன்னேன்.

மண்டபம் காலியாகத்தான் இருந்தது. ஏன் காலியாக இருந்தது என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அது கிழங்கு அறுவடை நடக்கும் மூன்று வாரங்களில் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வயலில், பெரியவர்கள் அறுவடை இயந்திரத்தின்மேல் அல்லது கிடங்கில், ஆலையில் இரண்டு ஷிஃப்டும் ஓட்டம். திருமணம், பெயரிடு விழா, ஏன், தள்ளிப்போட முடிந்தால் அடக்கத்தைக்கூட அந்த மூன்று வாரங்களில் யாரும் வைப்பதில்லை. என் எழுபத்தெட்டு வயதில் அறுவடை நேரத்தில் ஊர்க்கூட்டம் நடந்து நான் பார்த்ததில்லை. திரு. ஸ்ப்ராக்குக்கு இது தெரிய நியாயமில்லை. அவருக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். உண்மையான சொற்களை வைத்தே ஒருவரை ஏமாற்றுவது பொய்யைவிட மோசம், ஏனென்றால் அதைச் செய்ய அறிவு வேண்டும் என்று சகோதரி கஸிமீர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்பில் நான் முதலாவதாகத் தேறினேன்.

7. அறிவிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். விதிப்படி மூன்று பொது இடங்களில் ஒட்டினேன்: ஊராட்சி அலுவலகம், தபால் நிலையம், தேவாலயக் கதவு. தேதி, நேரம், பொருள் எல்லாம் சரியாக இருந்தன. எழுத்துப் பிழை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கதவில் ஒட்டிய காகிதத்தை யாரும் அறிவிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தொலைபேசி அழைப்புத்தான் அறிவிப்பு. பங்குப் பெண்கள் சங்கத்தில் ஒரு வரிசை உண்டு. நான் நால்வரைக் கூப்பிடுவேன். அவர்கள் ஒவ்வொருவரும் நால்வரைக் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பெல்ரிவிலும் மிஷோ மில்லிலும் சொல்லாத வீடு இருக்காது. துக்கச் செய்தியானாலும் கோழிக்குழம்பு விருந்தானாலும் அந்த வரிசை என் வீட்டிலிருந்துதான் தொடங்கும். அந்தக் கூட்டத்துக்கு நான் தொலைபேசியை எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். எல்லாரும் என்னைப் போல ஆற்றோரத்தில் வீடு உள்ளவர்கள், என்னைப் போல அறுவடைக்கு இனிப் பயன்படாத வயதினர். திரு. ஸ்ப்ராக் பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து, ஆளுக்குச் சில பச்சைப் பொட்டு ஒட்டிகள் கொடுத்தார். எந்தத் தடம் வேண்டுமோ அதன்மேல் ஒட்ட வேண்டும். நெடுஞ்சாலை முழுதும் பச்சையாயிற்று. ஆற்றோரம் வெறுமையாகக் கிடந்தது. "மிஷோ மில்லிலேருந்து யாருமே வரலையே" என்று அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "அவங்களுக்கு அறிவிப்பு போட்டாச்சு," என்றேன். நான் இரண்டு ஆப்பிள் பை பலகாரம் செய்து கொண்டுபோயிருந்தேன். ஒன்றை யாரும் தொடவேயில்லை. அந்த மண்டபத்தில் என் பலகாரம் மிஞ்சியது அதுவே முதல்முறை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், சாப்பிட முடியவில்லை.

8. கூட்டம் முடிந்த இரண்டாவது வாரம், அக்டோபரில் ஒரு நாள், திரு. பெரூபே மருத்துவமனையிலிருந்து நெடுஞ்சாலை ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் கிழங்கு லாரிகள் ஓயாமல் போகும். சாலை ஓரம் முழுதும் வயல் சேறு. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது நாற்காலியின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி, நாற்காலியோடு ஓடைக்குள் சரிந்தார். இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. லாரி ஓட்டுநர் கவனிக்கவில்லை. பின்னால் வந்த ஒருவர் புல்லுக்கு மேல் தெரிந்த கொடியைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

சிகிச்சை முடிந்தது முதல் அவர், ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். எலும்பு கூடிவிட்டது. வீடு திரும்ப விரும்புகிறார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் பத்திரமாகப் போய்வர ஆண்டு முழுதும் வழி இருந்தால்தான் அனுப்புவார்கள். குளிர்காலத்தில் நடீன் இரவு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு பகலில் அவரை வண்டியில் அழைத்துப்போவாள். மே முதல் நவம்பர் வரை ஆலையில் அவளுக்குப் பகல் வேலை, மாற்ற மாட்டார்கள். ஏப்ரல் இறுதிக்குள் வேறு வழி அமையாவிட்டால் மிஷோ மில் வீட்டைக் காலிசெய்து அவரை நிரந்தரமாக அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள். நான் தங்களிடம் கேட்பதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

9. விபத்துக்குச் சட்டப்படி நான் பொறுப்பல்ல. என் நிலத்தில் நான் பூட்டுப் போட்டேன், நெடுஞ்சாலை என்னுடையதன்று, லாரியும் என்னுடையதன்று. இந்த வாதத்தை அக்டோபரிலிருந்து கிறிஸ்துமஸ்வரை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதில் ஓட்டை இல்லை. ஆயினும் அவருடைய நாற்காலி காலியாக இருந்த புதன்கிழமைகளில் சீட்டாட உட்காரவே முடியவில்லை. தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிடுவேன். விபத்து நடந்த மறுவாரமே சங்கிலிகளை அவிழ்த்துவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனமும் செய்தேன். பங்குத்தந்தை எனக்குச் சிறிய பரிகாரமே கொடுத்தார். நான் சொன்ன விதம் அப்படி.

ஜனவரியில் தங்கள் குழுவின் அறிவிப்பு வந்தது. அதில் "பெல்ரிவ், மிஷோ மில் மக்களின் தெளிவான விருப்பப்படி நெடுஞ்சாலைத் தடம்" என்று அச்சாகியிருந்தது. அந்த வாக்கியம் நான் தட்டச்சு செய்து அனுப்பியது. ஒரு சொல்கூட மாறவில்லை.

10. அதன்பின் பக்கத்து வீட்டாரின் வண்டியில் பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். நடீனும் அங்கே இருந்தாள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். சங்கிலி, நாள், தொலைபேசி எல்லாம். திரு. பெரூபே குறுக்கிடாமல் கேட்டார். அது அவர் வழக்கமன்று.

"அறுவடையில கூட்டம் வெச்சா யாரு வருவாங்கன்னு தெரியாமயா வெச்சிருப்பீங்க? உங்களை நாங்க ஒருநாளும் முட்டாள்னு நெனச்சதில்ல, மதாம்," என்றார்.

அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மிஷோ மில் முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. "அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீங்க பதில் சொல்லணுமே. வயசான பொம்பளைக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டாங்க. நான்கூடச் சொன்னேன், போய்க் கேளுங்கடா, அந்தம்மா எப்படி முழிக்குதுன்னு பாக்கலாம்னு. எவனும் போகல."

ஐயா, நான் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் நடத்தையைத் திருத்திவந்தவள். அந்த ஊரில் உள்ள பாதிப் பேருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள். அவர்கள் என் குற்றத்தைத் தெரிந்துகொண்டு, தேவாலயத்தில் என் எதிரே வந்தபோதெல்லாம் வழக்கம்போல வணக்கம் சொல்லி, கதவைப் பிடித்து எனக்கு வழிவிட்டிருக்கிறார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நடீன் திட்டினாள். அவளுக்கு நன்றி. "சித்தப்பா சிரிப்பாரு. எனக்குச் சிரிப்பு வரல. ஆலை லைன்ல வேலையா நின்னுக்கிட்டு இருந்தப்ப எனக்கு போன் வந்துச்சு, ஆளு ஓடையில கெடக்குறாருன்னு. கையுறையைக்கூடக் கழட்டாம ஓடினேன். உங்க வருத்தத்தை எல்லாம் கோயில்ல வெச்சுக்குங்க மதாம் லிசோட். எங்களுக்குப் பாதை வேணும்," என்றாள்.

அவள் சொன்னது சரி. இந்த மனு அதனால்தான் எழுதப்படுகிறது.

11. அங்கிருந்த சமூகநல அம்மையாரையும் பார்த்துச் சங்கிலியை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். எடுத்தவர் நாளைக்கே மறுபடி போடலாமே என்றார். அதில் தவறில்லை. ரயில் மேடு சக்கர நாற்காலிக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று ஒரு பொது அமைப்பு எழுத்தில் கொடுத்தால்தான் அவர் ஏற்றுக்கொள்வாராம். அப்படி எழுதித்தரும் அதிகாரம் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கள் குழுவுக்கு மட்டுமே உள்ளது. ஆற்றோரத் தடத்தைத் தேர்ந்தால் மட்டுமே தாங்களும் அதைத் தர முடியும்.

12. திரு. ஸ்ப்ராக் மிஷோ மில் மக்களைப் புறக்கணித்தார் என்று வாரப் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்ததாகவும், அதனால் அவருடைய பணி நீட்டிப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளதாகவும் கேள்விப்பட்டேன். அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். கேட்க வேண்டிய ஆளிடமே கேட்டார். குற்றம் பதிலில் இருந்தது.

13. ஆகவே தங்களிடம் கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறேன்.

(அ) செப்டம்பர் 27 கூட்டத்தையும் அதன் முடிவையும் செல்லாதவை என அறிவிக்க வேண்டும். "போதிய வருகை இல்லாமையால்" என்று காரணம் எழுத வேண்டாம். மக்கள் வராதபடி நாள் குறிக்கப்பட்டதால் என்று எழுத வேண்டும்.

(ஆ) மார்ச் 19க்கு முன் மிஷோ மில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் புதிய கூட்டம் வைக்க வேண்டும். ஞாயிறு பிற்பகல் நல்லது. அன்று ஆலை ஓடாது. தொலைபேசி வரிசையை நான் தொடங்குவேன். கூட்டத்துக்கு மறுநாளே செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை நீக்க வேண்டும். விலகல் கடிதம் தர மாட்டேன். விலகினால் நன்றித் தீர்மானம் போட்டுவிடுவார்கள்.

(இ) என் கீற்றின் வழியாகச் செல்லும் மேட்டில் பொதுமக்களுக்கு என்றென்றைக்குமான வழிப் பாத்தியதையை, விலையின்றி, எனக்குப்பின் வருபவர்களையும் கட்டுப்படுத்தும்படி எழுதிக் கையொப்பமிட்டு இணைத்துள்ளேன். "மம்மா, வக்கீலைக் கேட்டீங்களா?" என்று நார்மன் கேட்டான். வக்கீலைக் கேட்டுத்தான் சங்கிலி போட்டேன் என்று சொன்னேன். பத்திரத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட முதலில் திரு. பெரூபேயைத்தான் கேட்டேன். "மாட்டேன் மதாம். நீங்க நல்லவங்கன்னு நான் சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்," என்றார். ஆகவே பங்குத்தந்தையும் தபால் நிலைய அலுவலரும் சாட்சிகளாகக் கையொப்பமிட்டுள்ளனர்.

(ஈ) தங்கள் வரைபடத்தில் என் எல்லையை அடுத்த வாய்க்கால் பாலம் கிழக்கே தள்ளிக் காட்டப்பட்டுள்ளது. பாலத்தின் பலகைகளில் இரண்டு உளுத்துவிட்டன. ஏப்ரலுக்குள் மாற்ற வேண்டும். அவருடைய நாற்காலி கனமானது.

(உ) ஆற்றோரத் தடம் தேர்ந்தெடுக்கப்பட்டால், மேற்சொன்ன உறுதிக் கடிதத்தை ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். முகவரி இணைப்பில் உள்ளது. தாமதமானால் அவர் வீட்டின் வாடகை ஒப்பந்தம் போய்விடும்.

(ஊ) திரு. ஸ்ப்ராக்கின் பணிக் கோப்பில் இம்மனுவின் நகல் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

14. கடைசியாக ஒன்று. பொதுமக்களிடமிருந்து வரும் மனுக்களைத் தங்கள் குழு "பெறப்பட்டது, கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடும் என்பதை அறிவேன். என் முந்தைய கடிதங்களுக்கு அந்த ஒரு வரி எனக்கு வசதியாகவே இருந்தது. இந்த மனுவை அப்படிச் செய்ய வேண்டாம். மிஷோ மில் கூட்டத்தில் வரைபடத்தை விரிக்கும் முன்பு, தலைப்பிலிருந்து கையொப்பம்வரை இதை உரக்கப் படிக்க வேண்டும். நான் முன்வரிசையில் இருப்பேன்.

படிப்பதற்குத் திரு. கிளோவிஸ் பெரூபே சம்மதித்திருக்கிறார். அன்று ஒரு நாள் வெளியே அழைத்துவர இல்லத்தில் அனுமதியும் கிடைத்துள்ளது; நடீன் கூட்டிவருவாள். அவர் படிக்கும்போது இடையிடையே தம் கருத்துகளையும் சேர்ப்பார். சில கேட்கக் கடினமாக இருக்கலாம். ஒழுங்கு என்று சொல்லித் தாங்கள் மணியடித்து அவரைத் தடுக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டமைக்கு வருந்தும்,
எர்னெஸ்டின் லிசோட்
(கையொப்பம்)

இடம்: பெல்ரிவ்
நாள்: 11 பிப்ரவரி 2019

இணைப்பு:
வழிப் பாத்தியதைப் பத்திரம்
பராமரிப்பு இல்லத்தின் முகவரி